வீட்டுக் கணக்கு – 14: ஒரே நகை, இரண்டு செலவு

மளிகைக் கடைக்குப் போகிறவர் துவரம்பருப்பு அரை கிலோ, புளி கால் கிலோ என்று துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போகிறார். இருபது வருஷத் தவணையில் வீடு வாங்குகிறவரிடம், "குடும்பத்துக்கு ஒரு நிதித் திட்டம் எழுதி வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டால், "எல்லாம் மனசுல இருக்கு சார்" என்கிறார். இருக்கலாம். சிக்கலே அங்கேதான். மனக்கணக்கில் ஒரே பணத்தை எத்தனை செலவுக்கு வேண்டுமானாலும் ஒதுக்கிக்கொள்ளலாம், யாரும் கேட்கப் போவதில்லை.

ஏலச்சீட்டைப் பற்றிப் பேசிய வாரம் தாம்பரம் பக்கத்துத் தம்பதியைக் குறிப்பிட்டிருந்தேன். கணவருக்குத் தனியார் கம்பெனியில் வேலை. அந்த அம்மா பள்ளி ஆசிரியை. இரண்டு பேருக்கும் நாற்பதை ஒட்டிய வயது, மகள் நாலாம் வகுப்பு. லாங் சைஸ் நோட்டு ஒன்றில், இடது பக்கம் கையில் இருப்பது, வலது பக்கம் கொடுக்க வேண்டியது, அடுத்த பக்கம் எந்த வருஷம் என்ன செலவு வரும் என்று இருவரையும் சேர்ந்து உட்கார்ந்து எழுதச் சொன்னேன். முதல் இரண்டு பக்கம் சுமுகமாகப் போனது. மூன்றாம் பக்கத்தில் தகராறு.

திடீர்ச் செலவு என்ற வரிக்கு எதிரே அவர் 'நகை' என்று எழுதினார். "அது பாப்பா கல்யாணத்துக்குங்க, அதை எப்படி இங்க எழுதுறீங்க?" என்றார் மனைவி. பீரோவில் இருப்பது முப்பத்திரண்டு பவுன். ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் அடகு வைத்துச் சமாளித்துவிடலாம் என்று அவர் வருஷக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தார். அதே முப்பத்திரண்டு பவுனை அந்த அம்மா மகளுக்கு என்று முடிந்துவைத்திருந்தார். ஒரே வீட்டில் தினமும் அந்தப் பீரோவைத் திறந்து மூடுகிறவர்கள். இந்தப் பேச்சே ஒருநாளும் வந்ததில்லை.

நகையாவது இரண்டு செலவுக்குத்தான் நின்றது. அவருடைய பி.எஃப். பணம் மகள் படிப்பு, கல்யாணம், வீட்டுக்கு மேல் மாடி, ஓய்வுக்காலம் என்று நாலு இடத்தில் நின்றது. வீடு கட்ட, கல்யாணத்துக்கு, படிப்புக்கு என்று பி.எஃப்.பில் கைவைக்க விதி இடம் தருகிறது. அதனாலேயே எல்லாத் தேவைக்கும் அது ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. தாளில் ஒரு தொகையை ஒரு வரியில் எழுதினால் இன்னொரு வரியில் எழுத முடியாது. என்னைக் கேட்டால், எழுதிய திட்டத்தின் முதல் லாபம் இதுதான், மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான். இருக்கிற பணம் எவ்வளவு என்று இவர்களுக்குத் தெரியாமல் இல்லை, அதை எத்தனை தடவை எண்ணியிருக்கிறோம் என்பதுதான் தெரியவில்லை.

கடைசியில் பி.எஃப்.பை ஓய்வுக்காலத்துக்கு மட்டும் என்று எழுதினார்கள். நகையைப் பற்றி முடிவுக்கு வர முடியவில்லை, அந்த வரிக்கு எதிரே கேள்விக்குறி போட்டார்கள். அதில் ஒன்றும் தப்பில்லை. திடீர்ச் செலவுக்கு ஆறு மாதக் குடும்பச் செலவை வங்கியில் தனியாகச் சேர்ப்பது என்று தீர்மானித்தார்கள். கம்பெனி தரும் மெடிக்கல் இன்சூரன்ஸை 'இருப்பது' பக்கத்தில் எழுதியிருந்தார்கள். வேலை போனால் அதுவும் கூடவே போய்விடும் என்பது எழுதிய பிறகுதான் உறைத்தது.

பி.எஃப். வேறு வரிக்குப் போய்விட்டதால் மகளின் கல்லூரிச் செலவு அம்போ என்று நின்றது. இன்னும் ஒன்பது வருஷம் இருக்கிறது. இன்றைக்கு நாலு வருஷப் படிப்புக்கு எட்டு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 8 சதவீதம் ஏறினால் ஒன்பது வருஷத்தில் அது பதினாறு லட்சம் (72-ஐ 8-ஆல் வகுத்தால் 9, இரட்டிப்பாகும் காலத்துக்கு இந்தக் குறுக்குவழி போதும்). போடுகிற பணம் 10 சதவீதம் வளரும் என்று கொண்டால், இப்போதே ஆரம்பித்தால் மாதம் ஒன்பதாயிரத்துச் சொச்சம் போட வேண்டும். நாலு வருஷம் தள்ளிப்போட்டால் இருபதாயிரத்துக்கு மேல். 'பாப்பா படிப்புக்குச் சேர்க்கணும்' என்பது எல்லா வீட்டிலும் இருக்கிற ஆசை. அதற்கு எதிரே ஒரு வருஷமும் தொகையும் எழுதினால்தான், அடுத்த மாதச் சம்பளத்திலிருந்து எவ்வளவு எடுத்துவைப்பது என்று தெரிகிறது. கார் வாங்கும் யோசனை அன்றைக்கே இரண்டு வருஷம் தள்ளிப்போனது. யாரும் யாருக்கும் புத்தி சொல்லவில்லை, கூட்டல் கழித்தல்தான்.

இந்த 8-ம் 10-ம் அப்படியே நடக்குமா? நடக்காது. 12 சதவீதம் என்று எடுத்துக்கொண்டு, சிரிக்கும் தாத்தா பாட்டி படத்துடன் அறுபது பக்கத்துக்கு நிதித் திட்டம் அச்சடித்துத் தருகிறார்களே, அதுவும் நடக்காது. எழுதி வைத்திருந்தால், எங்கே, எவ்வளவு பிசகியது என்று ஒவ்வொரு வருஷமும் பார்த்துத் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். சித்திரை பிறக்கும்போது புது நிதியாண்டும் தொடங்கியிருக்கும். நோட்டைத் திருப்பிப் பார்க்க அதைவிடத் தோதான சமயம் இல்லை.

மார்ச் மாதத்தில் இந்த நோட்டுக்கு இன்னொரு உபயோகம். வரி மிச்சம் பிடிக்க என்று சொல்லி அவசர அவசரமாக ஒரு பாலிசியில் கையெழுத்து வாங்கப் பங்காளியோ பக்கத்து வீட்டுக்காரரோ வருவார். புதிய வரி முறைதான் 2023–24 முதல் எல்லோருக்கும் தானாகப் பொருந்தும் முறை. அதில் 80சி கழிவே கிடையாது. வரியே மிச்சமாகாத பாலிசியை வரிக்காக வாங்குகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். "எழுதி வச்சதுல இது எந்த வரியில வருதுன்னு பார்த்துட்டுச் சொல்றேண்ணா" என்று ஒருநாள் அவகாசம் வாங்கினால் போதும், பாதி விற்பனை அங்கேயே நின்றுவிடும். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் நாம், பழியை நோட்டின் மேல் போட்டுவிடலாம்.

எழுதியவர் இல்லாமல் போகும் நாளையும் சொல்லியாக வேண்டும். எந்த வங்கி, எந்தக் கிளை, எந்த பாலிசி என்று ஒருவர் மட்டும் தெரிந்துவைத்திருந்தால், அவருக்குப் பிறகு வீட்டில் இருப்பவர்கள் பழைய ரசீதுகளைக் குடைய வேண்டியதுதான். பத்து வருஷம் யாரும் தொடாத வங்கிப் பணம் ரிசர்வ் வங்கி நடத்தும் ஒரு நிதிக்குப் போய்ச் சேரும். வாரிசுகள் கேட்டால் திரும்பக் கிடைக்கும். இப்படிக் கிடக்கும் டெபாசிட்டுகளைப் பல வங்கிகளில் ஒரே இடத்தில் தேட ரிசர்வ் வங்கி 2023-ல் 'உத்கம்' என்ற இணையதளத்தையும் தொடங்கியது. ஆனால் அப்பாவுக்கு அப்படி ஒரு கணக்கு இருந்ததே தெரியாத பிள்ளை எதற்காக அங்கே போய்த் தேடப் போகிறான்?

ஆகவே நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குகள், கடன்கள், பாலிசிகள், பி.பி.எஃப்., லாக்கர், பத்திரம் இருக்கும் இடம், நாமினி யார் என்று எழுதிவிடுங்கள். கைமாற்றாகக் கொடுத்ததும் வாங்கியதும்கூட இருக்கட்டும். பாஸ்வேர்டும் பின் நம்பரும் வேண்டாம். நோட்டு எங்கே இருக்கிறது என்று வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடமும் சொல்லிவையுங்கள்.

தாம்பரம் தம்பதி இந்தப் பக்கத்தை எழுதும்போது, கணவருடைய பழைய சேமிப்புக் கணக்கில் நாமினியாக இன்னமும் அவர் அம்மா பெயரே இருப்பது தெரியவந்தது. கல்யாணத்துக்கு முன் போட்டது, பிறகு மாற்றவே இல்லை. "நாமினி அத்தைன்னா பணம் அத்தைக்குத்தானா?" என்று அந்த அம்மா கேட்டார். வங்கி டெபாசிட்டுக்கு ஒரு பதில், ஆயுள் காப்பீட்டுக்கு 2015 திருத்தத்துக்குப் பிறகு வேறு பதில். அதை அடுத்த வாரம் பார்க்கலாம்.