நாளையும் வரும் – 12: வேலைநிறுத்தத்தில் எழுதியவர்கள்

தினத்தொடருக்கு விடுமுறை கிடையாது. கதாநாயகி பிரசவத்துக்குப் போனால் கதாபாத்திரம் வெளிநாடு போய்விடும். நடிகர் விலகினால், ‘இவருக்குப் பதில் இவர்’ என்று எழுத்து போட்டு வேறொருவர் அதே சட்டையில் வந்து நிற்பார். எழுதுகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து பேனாவை மூடி வைத்துவிட்டால்? அப்போதும் தொடர் வந்திருக்கிறது. யார் எழுதினார்கள், அதைப் பார்த்தவர்கள் என்ன சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டார்கள் என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

2007 நவம்பர் 5 அன்று அமெரிக்கத் திரை, தொலைக்காட்சி எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சங்கத்தில் சுமார் 12,000 பேர். தாங்கள் எழுதியது இணையத்தில் ஓடினால் அந்த வருமானத்தில் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்பது முக்கியமான கோரிக்கை. 100 நாள் நீடித்தது. இரவு நேர நகைச்சுவை நிகழ்ச்சிகள் உடனே நின்றன. வாரத்தொடர்கள் பல, பருவத்தின் பாதியிலேயே படுத்துவிட்டன. ஆனால் ‘ஜெனரல் ஹாஸ்பிடல்’, ‘தி யங் அண்ட் தி ரெஸ்ட்லெஸ்’, ‘டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ போன்ற பகல் தொடர்கள் ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

முதல் சில வாரங்களுக்கு எழுதி வைத்த ஸ்கிரிப்ட் கையிருப்பு இருந்தது. போன வாரம் சொன்னேனே, அந்த ‘பேங்க்’. அது தீர்ந்த பிறகு தயாரிப்பு அலுவலகத்தில் இருந்தவர்களும் சங்கத்தில் இல்லாதவர்களும் எழுதினார்கள். இவர்களோடு மூன்றாவதாக ஒரு கூட்டமும் இருந்தது. ரசிகர்களின் கோபமெல்லாம் அவர்கள்மீதுதான்.

அமெரிக்கத் தொழிலாளர் சட்டத்தில், 1963-ல் வந்த ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் வழியாக, ஒரு கதவு திறந்திருக்கிறது. ‘ஃபை-கோர்’ என்பார்கள். சங்கத்தின் முழு உறுப்பினர் நிலையை விட்டுவிட்டு, அடிப்படைச் சந்தாவை மட்டும் கட்டலாம். ஓட்டுரிமை போய்விடும். ஆனால் வேலைநிறுத்தத்தின்போது எழுதினால் சங்கம் தண்டிக்க முடியாது. சங்கம் போராடி வாங்கிய குறைந்தபட்ச ஊதியம், ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு எல்லாம் அப்படியே கிடைக்கும். 2008 ஏப்ரலில், போராட்டம் முடிந்து இரண்டு மாதம் கழித்து, இந்த வழியாகப் போன 28 பேரின் பெயரைச் சங்கம் பகிரங்கமாக வெளியிட்டது. பகல் தொடர் எழுதியவர்கள் அதில் கணிசமாக இருந்தார்கள்.

ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு பக்கம், ‘இவர்கள் கருங்காலிகள். மற்றவர்கள் சம்பளம் இல்லாமல் தெருவில் நின்று வாங்கியதை இவர்கள் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே அனுபவிக்கிறார்கள்’ என்றது. மறுபக்கத்தின் வாதத்தையும் தள்ளிவிட முடியாது. பகல் தொடரைப் பார்ப்பவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டிருந்த காலம் அது. ஒரு மாதம் நின்றால் சேனல் அந்த நேரத்தை வேறெதற்காவது கொடுத்துவிடும். எழுத்தாளரோடு சேர்ந்து கேமராக்காரர், மேக்கப்காரர், தையல்காரர் என்று அத்தனை பேருடைய வேலையும் போகும். நடிகர்களுக்கோ வேறு சங்கம், வேறு ஒப்பந்தம். அவர்கள் செட்டுக்கு வந்தே ஆக வேண்டியிருந்தது. அவர்கள் பேசுவதற்கு யாராவது எழுதித்தானே ஆக வேண்டும்?

பகல் தொடர்கள் பெரும்பாலும் மறு ஒளிபரப்பு ஆவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வாரத்தொடர் எழுதுகிறவருக்கு மறு ஒளிபரப்புப் பங்கு பெரிய வருமானம். பகல் தொடர்காரருக்கு வாரச் சம்பளம்தான் எல்லாமே. தனக்கு அதிகம் கிடைக்காத ஒன்றுக்காகப் பட்டினி கிடக்கச் சொல்கிறார்கள் என்று அவர் நினைத்தால், அந்த எண்ணத்துக்கு ஒரு நியாயம் இருக்கிறது.

இருந்தும் நான் முதல் கட்சிதான். ‘நிறுத்தினால் தொடர் செத்துவிடும்’ என்ற வாதத்துக்கு வரலாறே பதில் சொல்லியிருக்கிறது. 1937-ல் வானொலியில் பிறந்து பிறகு தொலைக்காட்சிக்கு வந்த ‘கைடிங் லைட்’, அந்த 100 நாளும் தடையில்லாமல் ஓடியது. 2009 செப்டம்பரில் அதை மூடினார்கள். 1956-ல் தொடங்கிய ‘ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்’ அடுத்த ஆண்டு முடிந்தது. சங்கத்தை விட்டு வந்து எழுதியவர்களால் தொடரைக் காப்பாற்ற முடியவில்லை. கூட இருந்தவர்களின் பேரம் பேசும் வலு மட்டும்தான் குறைந்தது.

அந்தச் சண்டையில் என் மனதைத் தொட்டது வேறொன்று. எழுதிய கை மாறியதைக் கண்டுபிடித்தவர்கள் ரசிகர்கள். முப்பது வருடம் ஒரே குடும்பத்தின் கதையைப் பார்த்தவருக்கு, அந்த வீட்டு மூத்தவள் எந்தச் சொல்லைச் சொல்லவே மாட்டாள் என்று தெரியும். அல்சூரில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ‘இவ இப்படிப் பேச மாட்டாளேப்பா’ என்று டிவியைப் பார்த்துச் சொல்லும்போது, வசனம் எழுதுகிறவருக்கு அதைவிடப் பெரிய மரியாதை இல்லை என்று எனக்குத் தோன்றும். வேலைநிறுத்தத்தில் எழுத்தாளருக்கு இருக்கும் ஒரே உண்மையான பலம், காத்திருக்கத் தயாராக இருக்கும் இந்தப் பார்வையாளர்தான்.

ஆலை நின்றால் ஊருக்கே தெரியும். பெங்களூருக்கு அது நன்றாகவே தெரியும். 1980 டிசம்பர் 26-ல் ஐ.டி.ஐ., எச்.ஏ.எல்., எச்.எம்.டி., பி.இ.எல்., பி.இ.எம்.எல். தொழிலாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், பி.எச்.இ.எல். ஊழியர்களுக்கு இணையான ஊதியம் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். 77 நாள். தூரவாணிநகரிலும் ஜாலஹள்ளியிலும் இதைப் படிக்கிற பலருக்கு அப்பா வேலைக்குப் போகாத அந்த மாதங்கள் நினைவிருக்கும். அங்கே உள்ளே போகிறவர் எல்லோர் கண்முன்னும் கேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். எழுத்தில் கேட் இல்லை. வீட்டில் உட்கார்ந்து எழுதி மெயிலில் அனுப்பிவிடலாம். நம் தொடர்களில் இது இன்னும் சுலபம். ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ கன்னடத்தில் ‘வரலட்சுமி ஸ்டோர்ஸ்’ ஆனதைப் போல, ஒரே கதை ஊர் ஊராகப் போகிறது. ஓர் ஊரில் பேனா நின்றால் இன்னோர் ஊரில் எழுதி வைத்தது கையில் இருக்கும். அதனால் சங்கம் வாசலில் காவல் நின்று பயனில்லை. பார்க்கிறவரைத் தன் பக்கம் வைத்திருக்க வேண்டும்.

பெங்களூரில் நடந்தது நேர்மாறு. 1960-களில் அ.ந. கிருஷ்ணராவ் போன்றவர்கள் முன்னின்ற இயக்கத்துக்குப் பிறகு, பிற மொழிப் படங்களையும் தொடர்களையும் கன்னடத்தில் டப்பிங் செய்வது எழுதாத சட்டமாகத் தடுக்கப்பட்டிருந்தது. காரணம் நியாயமானது: டப்பிங் வந்தால் உள்ளூர் நடிகருக்கும் தொழிலாளிக்கும் எழுத்தாளருக்கும் வேலை போகும். ஆனால் 2012-ல் ஆமிர் கானின் ‘சத்யமேவ ஜெயதே’யைத் தமிழில் விஜய் டிவியில் நாம் பார்த்தபோது, கன்னடர் தன் மொழியில் பார்க்க முடியவில்லை. ‘எனக்கு என் மொழியில் வேண்டும்’ என்று கேட்டது ஒரு நுகர்வோர் அமைப்பு, கன்னட கிராஹகர கூட்டம். அவர்கள் இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் போனார்கள். 2014 ஜனவரியில் டப்பிங்கை எதிர்த்துக் கன்னடத் திரையுலகம் தெருவில் இறங்கியது. 2015 ஜூலையில் ஆணையம் திரைப்பட வர்த்தக சபை, தொலைக்காட்சிச் சங்கம் உள்ளிட்ட அமைப்புகளுக்கு அபராதம் விதித்தது. 2020 ஊரடங்கில் படப்பிடிப்புகள் நின்றபோது, இந்தி ‘மகாபாரதம்’ ஸ்டார் சுவர்ணாவில் கன்னடம் பேசி வந்தது. மக்கள் ஆசையோடு பார்த்தார்கள். மறு வருட ஊரடங்கில், நிற்க முடியாத கன்னடத் தொடர்கள் சில ஹைதராபாத் ராமோஜி ஃபிலிம் சிட்டிக்குப் போய்ப் படம் பிடித்தன.

அந்தத் தொழிலாளர்களின் பயத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பார்வையாளரை இத்தனை வருடம் எதிரியாக நிறுத்தி வைத்துவிட்டு, நாளை ஒருநாள் வேலைநிறுத்தம் என்று வந்தால் அவரிடம் எப்படிப் போய் ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்று கேட்பது?

நம் பார்வையாளருக்குப் பொறுமை இல்லை என்பவர்களுக்கு இரண்டு உதாரணம். 2008 நவம்பரில் மும்பைத் தொழிலாளர் பிரச்சினையில் இந்தித் தொடர்கள் நின்று, பழைய எபிசோடுகள் ஓடின. 2018 ஆகஸ்டில் கொல்கத்தாவில் சம்பள பாக்கியையும் நேரம் காலம் இல்லாத வேலையையும் எதிர்த்து நடிகர்கள் செட்டுக்கு வரவில்லை. முதல்வர் மம்தா பானர்ஜி தலையிட்டு ஒரு வாரத்துக்குள் முடிந்தது. இரண்டு முறையும் படப்பிடிப்பு திரும்பியதும் மக்களும் திரும்பி வந்தார்கள்.

2023-ல் அமெரிக்க எழுத்தாளர்கள் மறுபடி 148 நாள் நின்றார்கள். பகல் தொடர்கள் அப்போதும் ஓடின. ஆனால் செப்டம்பரில், நடிகை ட்ரூ பேரிமோர் தன் பகல் நேரப் பேட்டி நிகழ்ச்சியை எழுத்தாளர்கள் இல்லாமலே தொடங்கப் போவதாக அறிவித்தபோது, படப்பிடிப்பைப் பார்க்க வந்த இரண்டு பேர் எழுத்தாளர் சங்கத்தின் பேட்ஜைச் சட்டையில் குத்தியிருந்தார்கள். அவர்களை வெளியே அனுப்பினார்கள். செய்தி பரவியது, எதிர்ப்பு வலுத்தது. சில நாளில், போராட்டம் முடியும்வரை நிகழ்ச்சி வராது என்று அவரே அறிவித்தார். அந்த இருவரும் இலவச டிக்கெட்டில் வந்த சாதாரணப் பார்வையாளர்கள்.

அடுத்த வாரம், ஒரு எபிசோடுக்கு நம் வசனகர்த்தாவுக்கு என்ன ஒப்பந்தம், 2012 காப்புரிமைத் திருத்தம் கொடுத்த ராயல்டி உரிமை அதில் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம்.

(தொடரும்)