உபதேசம் வேண்டாம், காது கொடுங்கள்!

நம் மயிலாப்பூரில் காசு கொடுக்காமல் கிடைக்கும் பொருள்கள் இரண்டு. ஒன்று கொசு; மற்றொன்று உபதேசம். கொசுவிடமிருந்து தப்ப வலை இருக்கிறது. உபதேசத்திலிருந்து தப்ப இதுவரை யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை. இருபது வருஷமாக உபாத்தியாயராக இருப்பவன் நான். ஆகவே, மேற்படி சரக்கை உற்பத்தி செய்வோரில் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் நடந்தது இது. பன்னிரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் பெண் அரையாண்டுப் பரீட்சையில் கணக்கில் மிகக் குறைந்த மார்க்கு வாங்கி வந்தாள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மாலை என்னிடம் வந்து, "அப்பா, எனக்கு என்னமோ பயமாக இருக்கிறது" என்றாள்.

உபாத்தியாயருக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வேறென்ன வேண்டும்? ஆரம்பித்தேன். பயம் என்பது மனத்தின் பலவீனம் என்றேன். விடாமுயற்சியின் மகிமையை எடுத்துரைத்தேன். ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேருக்கு நடுவே உட்கார்ந்து படித்து நான் பட்டம் பெற்ற கதையை விஸ்தாரமாக வர்ணித்தேன். முக்கால் மணி நேரம் சென்றது. குழந்தை ஒரு வார்த்தையும் எதிர்த்துப் பேசவில்லை. "சரி அப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். பிரசங்கம் நன்றாகப் பலித்துவிட்டது என்ற திருப்தியுடன் நான் பத்திரிகையை விரித்தேன்.

கூடத்தில் என் தாயார் பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். குழந்தை அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "என்னடி அம்மா, முகம் வாடியிருக்கிறது?" என்று பாட்டி கேட்டாள். அதற்கப்புறம் பேசவேயில்லை. நாரும் பூவும் மட்டும் விரல்களுக்கிடையே நகர்ந்துகொண்டிருந்தன. சற்று நேரத்தில் குழந்தை பேசத் தொடங்கினாள். கணக்கைப் பற்றி அல்ல. தோழிகள் ஒதுக்கி வைத்தது, இரவில் தூக்கம் வராதது, அவள் படிப்புக்காக நான் வாங்கிய கடன் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கடைசியில், "நான் இல்லாமலிருந்தால் அப்பாவுக்கு நிம்மதி, பாட்டி" என்றாள்.

அடுத்த அறையில் என் கையிலிருந்த பத்திரிகை நழுவிக் கீழே விழுந்தது.

என் தாயார் பதறவில்லை. "அப்படியெல்லாம் பேசாதே" என்று வாயை அடைக்கவும் இல்லை. பூவைக் கீழே வைத்துவிட்டு, "செத்துப்போய்விடலாம் என்று தோன்றுகிறதா, கண்ணே?" என்று நேராகவே கேட்டாள். "சில சமயம்" என்று சொல்லி, குழந்தை அவள் மடியில் சாய்ந்து அழுதாள். அன்றிரவு பாட்டி அவளை விட்டு நகரவில்லை. மறுநாள் மனநல வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். இன்று அந்தப் பெண் கல்லூரியில் படிக்கிறாள். அவளுடைய சம்மதத்தின் பேரில்தான் இதை எழுதுகிறேன். "உங்கள் உபதேசத்தின் நீளத்தைக் குறைத்துச் சொல்லிவிடாதீர்கள்" என்பது அவள் விதித்த நிபந்தனை!

சாவைப் பற்றி வாய்விட்டுக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே புகுத்தியது போலாகிவிடும் என்று நம்மில் பலர் அஞ்சுகிறோம். அந்த அச்சத்துக்கு ஆதாரமில்லை என்று மனநல நிபுணர்கள் கூறுகிறார்கள். அன்போடு கேட்பதால் அடைபட்டிருந்த பாரம் இறங்குகிறது. எட்டாம் வகுப்பைத் தாண்டாத என் தாயாருக்கு இது எப்படித் தெரிந்தது? நான் கேட்டபோது, "நான் ஒன்றும் செய்யவில்லையே! அவள் சொன்னாள், நான் கேட்டேன்" என்றாள்.

இதே உண்மையை லண்டன் நகரில் சாட் வாரா என்ற பாதிரியார் எதிர்பாராத விதமாகக் கண்டார். உயிர் வாழ்வில் வெறுப்புற்றவர்கள் தம்மிடம் வந்து பேசலாம் என்று 1953-ஆம் ஆண்டில் அவர் அறிவித்தார். கூட்டம் சேர்ந்தது. காத்திருப்போருக்குத் தேநீர் கொடுத்து உபசரிக்கச் சில தொண்டர்கள் முன்வந்தார்கள். நாளடைவில் ஓர் அதிசயம் தெரிந்தது. வந்தவர்களில் பலர் அந்தத் தொண்டர்களிடமே மனத்தைத் திறந்து பேசிவிட்டு, பாதிரியாரைப் பார்க்காமலே ஆறுதலுடன் திரும்பிக்கொண்டிருந்தார்கள்! தொண்டர்கள் பண்டிதர்கள் அல்ல. பொறுமையாகக் கேட்டவர்கள், அவ்வளவுதான். அடுத்த ஆண்டே அந்தப் பணியை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டார் அவர். 'சமாரிட்டன்ஸ்' என்ற ஸ்தாபனம் இவ்விதம் வளர்ந்தது.

நம் சென்னையில் மனநல மருத்துவரான டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ஆம் ஆண்டில் இத்தகைய பணியைத் தொடங்கினார். மயிலாப்பூரை அடுத்த ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கும் 'ஸ்நேகா' என்னும் ஸ்தாபனமே அது. பயிற்சி பெற்ற தொண்டர்கள் அங்கே கட்டணமின்றிப் பிறர் துயரத்தைக் கேட்கிறார்கள். கேட்டதை வெளியே சொல்வதில்லை. நல்லது கெட்டது என்று தீர்ப்புக் கூறுவதுமில்லை.

பரீட்சையில் தவறிய மாணவர்கள் சில வாரங்களுக்குள்ளேயே மறுபடி எழுதி, ஒரு வருஷத்தை இழக்காமல் மேலே படிக்க இன்று நம் மாநிலத்தில் வசதி இருக்கிறது. அதற்காக வாதாடியவர்களில் ஸ்நேகாவும் உண்டு. முதலிடம் பெற்றவர்களின் பட்டியலை வெளியிடும் வழக்கத்தையும் தமிழ்நாடு அரசு 2017-ல் நிறுத்திவிட்டது. அரசாங்கம் பட்டியலை நிறுத்தினாலென்ன? கலியாண வீட்டில் பந்திக்கு உட்காரும் முன்பே, "உங்கள் பையன் எத்தனை மார்க்கு?" என்று கேட்கும் வழக்கத்தை நாம் நிறுத்திவிட்டோமா?

1860-ல் வெள்ளையர் இயற்றிய தண்டனைச் சட்டம், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தவரைக் குற்றவாளி என்றது. சுதந்திர இந்தியா 2017-ல் இயற்றிய மனநலப் பாதுகாப்புச் சட்டமோ, அவருக்குச் சிகிச்சையும் ஆதரவும் அளிப்பது அரசின் கடமை என்கிறது. சட்டம் திருந்திவிட்டது, இனித் திருந்த வேண்டியவர்கள் நாம். 2021-ஆம் ஆண்டில் மட்டும் நம் தேசத்தில் 1,64,033 பேர் தற்கொலை செய்துகொண்டதாக அரசாங்கப் புள்ளிவிவரம் கூறுகிறது. ஒருவர் இம்முடிவுக்கு வருவதற்குப் பல காரணங்கள் சேருகின்றன. ஆயினும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குக் காரணமாகக் குறிக்கப்பட்டிருப்பது குடும்பப் பிரச்னை. பரீட்சைத் தோல்வி அல்ல, கடன் அல்ல, வீடு!

அப்படியானால் மருந்தும் வீட்டிலிருந்தே தொடங்கட்டும். குழந்தையோ, மனைவியோ, வயதான தகப்பனாரோ பேச வந்தால், கைப்பேசியைக் கவிழ்த்து வையுங்கள். "இதற்கெல்லாமா வருத்தம்?" என்று சொல்லாதீர்கள். உங்கள் பழங்கதையைத் தொடங்காதீர்கள். மௌனம் நேர்ந்தால் பயப்பட வேண்டாம். பூத் தொடுக்கலாம், அவரைக்காய் நறுக்கலாம். சாவைப் பற்றிய பேச்சு எழுந்தால் அவரைத் தனியே விடாமல் வைத்தியரை நாடுங்கள். 'டெலி மானஸ்' என்னும் அரசாங்கச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

தமிழில் 'கேள்' என்ற சொல்லுக்கு வினவு என்றும் பொருள். செவி கொடு என்றும் பொருள். உறவினர், நண்பர் என்ற பொருளும் பழைய நூல்களில் உண்டு. இருபது வருஷம் தமிழ் கற்பித்தவன் நான். அந்த மூன்று பொருளும் ஒன்றுதான் என்பதை என் தாயார் பூத் தொடுத்தபடியே எனக்குக் கற்பித்தாள்.