கடைக் குளிர்பெட்டிக்குள் தீப்பற்றும் வாயு

மூங்கில்துறைப்பட்டு கடைவீதியில் குளிர்பெட்டி இல்லாத மளிகைக் கடையை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும். பால், தயிர், குளிர்பானம், ஐஸ்கிரீம் எல்லாம் அதை நம்பித்தான். ஆலைக்குக் கரும்பு வண்டிகள் வரும் நாட்களில் கேட்கவே வேண்டாம்.

அந்தப் பெட்டியின் பின்பக்கம், கம்ப்ரஸர் அருகே, மஞ்சள் முக்கோணத்துக்குள் தீச்சுடர் படம் ஒட்டியிருக்கிறதா என்று வணிகப் பெருமக்கள் ஒருமுறை குனிந்து பார்க்க வேண்டுகிறோம். இருந்தால், உள்ளே ஓடுவது ஆர்-600ஏ எனும் ஐசோபியூட்டேன் அல்லது ஆர்-290 எனும் புரோப்பேன். சமையல் காஸுக்கு இவை பங்காளி முறை.

முன்பு சி.எஃப்.சி. வாயு இருந்தது. அது ஓசோன் படலத்தை அரித்ததால் 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. 1992இல் இந்தியாவும் சேர்ந்தது. மாற்றாக வந்த 134ஏ தீப்பற்றாது. ஆனால் புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல். 1993இல் ஜெர்மனியின் ஃபோரான் நிறுவனம் ஹைட்ரோகார்பன் பெட்டிகளை விற்கத் தொடங்கியது. இன்று நம் ஊர்க் கடைகளுக்கும் வந்துவிட்டன. ஓசோனுக்குக் கேடில்லை; மின்சாரமும் சிக்கனம். ஆகவே பயந்து ஒதுக்க வேண்டிய சரக்கு அல்ல.

ஆபத்து எங்கே? 60 கிராம் ஐசோபியூட்டேன் கசிந்தால் சுமார் 50 கன அடிக் காற்றைத் தீப்பற்றும் கலவையாக்கும். காற்றோட்டமுள்ள கடையில் அது கலைந்துவிடும். ஆனால் இந்த வாயு காற்றைவிட இரு மடங்கு கனம், தரையோடு தங்கும். சமையல் காஸ்போல வாசனை சேர்த்திருப்பதும் இல்லை. கல்லாவுக்கு அடியில், மூட்டைகளுக்கு நடுவே பெட்டியைத் திணித்துவிட்டு, மாலையில் பக்கத்திலேயே விளக்கேற்றிச் சாம்பிராணி போடும் கடைகளை நாம் பார்க்கிறோம்.

உறைந்த பனியைக் கத்தியால் சுரண்டுவது இன்னொரு பழக்கம். உள்ளே மெல்லிய குழாய்தான். ஒரு குத்து போதும். பெட்டியை நிறுத்தி, பனி தானாக உருகட்டும்.

பெரிய ஆபத்து பழுது பார்க்கும் நேரத்தில். குழாயில் மிச்ச வாயு இருக்கையிலேயே வெல்டிங் சுடரை நீட்டும் மெக்கானிக் உண்டு. பழைய 134ஏ பெட்டியில் சமையல் காஸை ஏற்றித் தருபவரும் உண்டு. அந்தப் பெட்டியின் ரிலேயும் தெர்மோஸ்டாட்டும் பொறி பறக்காதபடி அமைக்கப்பட்டவை அல்ல. நூறு இருநூறு மிச்சம் பிடிக்கப்போய்க் கடையையே பணயம் வைக்கலாமா?

எந்த வாயுவாயினும் மின் இணைப்பில் கோளாறு இருந்தால் தீதான். 2022 நவம்பரில் செங்கல்பட்டு மாவட்டம் ஊரப்பாக்கத்தில் ஒரு வீட்டில் குளிர்பெட்டி வெடித்து, புகையில் மூவர் இறந்த செய்தியை மறந்திருக்க மாட்டீர்கள்.

கசிவு என்று சந்தேகம் வந்தால் ஸ்விட்சைத் தொடாதீர்கள். போடும்போதும் அணைக்கும்போதும் பொறி வரும். ஷட்டரை முழுக்கத் திறந்து வெளியே வந்து, மெயின் வெளியே இருந்தால் அங்கே அணையுங்கள். வாயு ஏற்றிய மெக்கானிக்கிடம் வாயுவின் பெயரையும் எத்தனை கிராம் என்பதையும் பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்குபவர் கையில் பெட்டியை ஒப்படைக்க வேண்டாம்.