விஸ்கி கலந்த போஞ்சி!

திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தில் உச்சி வெயிலில் மூட்டை இறக்கி ஓய்ந்த தொழிலாளி கேட்பது ஒரு கிளாஸ் போஞ்சி. எலுமிச்சை ஜூஸுக்கு இவ்வூரார் வைத்த பெயர் அது. புளியங்குடியிலிருந்து கேரளத்துக்கு லாரியில் வரும் எலுமிச்சையும் இதற்கு உதவுகிறது.

அமெரிக்க மதுக்கூடங்களில் பெயர் பெற்ற 'விஸ்கி சவர்' என்பதும் ஏறக்குறைய இந்தப் போஞ்சிதான். கூடுதலாக விஸ்கி சேர்கிறது, அவ்வளவே! 'சவர்' என்றால் புளிப்பு.

இதன் பூர்வீகம் நம் நாட்டோடு தொடர்புடையது. இங்கே வாணிபம் செய்ய வந்த ஆங்கிலேயர், சாராயம், எலுமிச்சை, சர்க்கரை, தண்ணீர், மசாலா ஆகிய ஐந்தையும் கலந்து குடித்தனர். அதற்குப் 'பஞ்ச்' என்று பெயர். பஞ்சாமிர்தத்தில் வரும் அதே 'பஞ்ச'தான் இது என்பது பலரும் ஏற்ற கருத்து. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஒருவர் 1632-ல் எழுதிய கடிதத்திலேயே இப்பெயர் உண்டு. மேலே தூவிய சாதிக்காய் இன்றும் சாலைக் கடைகளில் கிடைக்கும் சரக்கு.

கப்பல்காரர்களுக்கு எலுமிச்சை மருந்தாகவும் ஆயிற்று. பல் ஈறில் ரத்தம் கசியும் ஸ்கர்வி நோயை அது குணமாக்குவதை 1747-ல் டாக்டர் ஜேம்ஸ் லிண்ட் சோதித்துக் காட்டினார். பெரிய பாத்திரத்தில் கலந்த பஞ்ச், நாளடைவில் ஒற்றைக் கிளாஸுக்குச் சுருங்கியது. 1870-ல் விஸ்கான்சின் மாநிலப் பத்திரிகை ஒன்றில் 'விஸ்கி சவர்' என்ற பெயர் அச்சேறியது.

இன்றைய கணக்கு: விஸ்கி 45 மில்லி, எலுமிச்சைச் சாறு 25, சர்க்கரைப் பாகு 20. நுரைக்காக முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பாரும் உண்டு. மக்காச்சோளத்தில் வடித்து, உட்புறம் கருக்கிய ஓக் மரப் பீப்பாயில் ஊறிய 'பர்பன்' விஸ்கியே இதற்கு உகந்தது. அதன் எரிவைப் புளிப்பும் இனிப்பும் மறைத்துவிடும். ருசியும் அங்கேதான், ஆபத்தும் அங்கேதான். உறைப்பு தெரியாததால் கிளாஸ் எண்ணிக்கை ஏறும்.

கேரளத்தில் சாராயக் கடைகள் 1996 ஏப்ரலில் மூடப்பட்டன. ஆனால் மது ஒழிந்துவிடவில்லை. வாரக் கூலி கைக்கு வரும் மாலையில், ஊரில் பணத்துக்காகக் காத்திருக்கும் வீட்டை மறக்கச் செய்வது அதுதான்.

விஸ்கி சவரின் தாகம் தீர்க்கும் குணமெல்லாம் எலுமிச்சையிலும் சர்க்கரையிலும் இருக்கிறது. அவை இரண்டும் சாலையில் ஒரு கிளாஸ் போஞ்சியில் கிடைக்கின்றன. மூன்றாவது பொருளை விட்டுவிட்டால், மிச்சமாகும் கூலி ஊர் போய்ச் சேரும்.