நடந்து பெற்ற உரிமை



பஸ் வண்டியில் ஓர் ஆசனம் என்பது அற்ப விஷயம். பிரயாணம் முடிந்ததும் அதனை மறந்துவிடுகிறோம். ஆயினும், அந்த ஆசனத்தில் மரியாதையுடன் அமரும் உரிமைக்காக ஒரு நகரத்து மக்கள் 381 நாட்கள் பஸ்ஸிலேயே ஏறாதிருந்தார்கள். அந்த வரலாற்றையே இன்று கூற விழைகிறோம்.

அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள அலபாமா மாநிலத்தின் தலைநகர் மொன்ட்கொமரி. அந்நகரத்துப் பஸ்களில் முன்புறத்துப் பத்து ஆசனங்கள் வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்டிருந்தன. அவை வெறுமையாய்க் கிடந்தாலும் கறுப்பினத்தார் அவற்றில் அமர இயலாது. நடுப்பகுதியில் அவர்கள் அமரலாம். ஆனால், வெள்ளையர் ஒருவருக்கு அங்கே இடம் தேவைப்பட்டால் அவ்வரிசையிலுள்ள கறுப்பினத்தார் அனைவருமே எழுந்துவிட வேண்டும். முன்வாசலிற் கட்டணத்தைச் செலுத்திவிட்டு, இறங்கிப்போய்ப் பின்வாசலால் ஏறும்படி பணிப்பதும் உண்டு. அவர்கள் ஏறுமுன் வண்டி புறப்பட்டுவிடுவதும் உண்டு. இத்தனைக்கும் அந்தப் பஸ்களிற் பிரயாணஞ் செய்தோருள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் கறுப்பினத்தாரே.

1955ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆந் திகதி மாலை, றோசா பார்க்ஸ் என்னும் 42 வயதுத் தையற்பெண் நடுப்பகுதியில் அமர்ந்திருந்தார். ஒரு வெள்ளையருக்காக நால்வரை எழும்படி சாரதி கூறினார். மூவர் எழுந்தனர், றோசா எழவில்லை. பொலிஸார் அவரைக் கைதுசெய்தனர். வேலைக் களைப்பினால் அவர் எழாதிருந்தார் எனச் சொல்லப்படும் கதையை அவரே பிற்காலத்தில் மறுத்திருக்கிறார். கறுப்பினத்தாரின் உரிமைக்காக உழைத்த சங்கமொன்றில் அவர் பல்லாண்டு பணியாற்றியவர். அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே குளோடெற் கொல்வின் என்னும் 15 வயது மாணவியும் இவ்வாறே கைதுசெய்யப்பட்டிருந்தார்.

றோசா கைதான செய்தி எட்டியதும், கல்லூரி ஆசிரியையான ஜோ ஆன் றொபின்சன் அன்றிரவு முழுவதும் விழித்திருந்து, ஆயிரக்கணக்கான துண்டுப்பிரசுரங்களை அச்சிட்டார். டிசம்பர் 5ஆந் திகதி, திங்கட்கிழமை, பஸ்களைப் பகிஷ்கரிக்கும்படி அவை வேண்டின. அன்று பஸ்கள் பெரும்பாலும் வெறுமையாகவே ஓடின. மாலையிற் கூடிய மாபெருங் கூட்டம் பகிஷ்காரத்தைத் தொடரத் தீர்மானித்தது. அதற்கென அன்று அமைக்கப்பட்ட சங்கத்துக்குத் தலைவரானவர் 26 வயதுப் போதகர் மாட்டின் லூதர் கிங்.

அவர்கள் முதலிற் கேட்டவை மிகச் சிறியவை. சாரதிகள் மரியாதையாகப் பேச வேண்டும்; முந்தி வந்தவர் முந்தி அமர வேண்டும்; கறுப்பினத்தார் வாழும் பகுதிகளுக்குச் செல்லும் பஸ்களில் அவ்வினத்துச் சாரதிகளையும் நியமிக்க வேண்டும். பிரிவினையை அடியோடு ஒழிக்கும்படி அவர்கள் அப்போது கேட்கவில்லை. இச்சிறு கோரிக்கைகளும் நிராகரிக்கப்பட்டன.

இனி, ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் வேலைக்குச் செல்வது எவ்வாறு? முதலில் டாக்சிக்காரர்கள் பஸ் கட்டணமான பத்துச் சதத்துக்கே அவர்களை ஏற்றிச் சென்றனர். 45 சதத்துக்குக் குறைவாக வாங்கலாகாதென நகர அதிகாரிகள் தடுத்தனர். 1953இல் பற்றன் றூஜ் நகரில் நிகழ்ந்த பஸ் பகிஷ்காரத்தின் அனுபவத்தைக் கேட்டறிந்து, சொந்தக் கார்களைக் கொண்டே ஒரு போக்குவரத்துச் சேவையை ஏற்படுத்தினர். சுமார் முந்நூறு கார்கள் குறித்த இடங்களில், குறித்த வேளைகளில் ஆட்களை ஏற்றி இறக்கின. பெற்றோல் செலவுக்கெனச் சமையற்காரியான ஜோர்ஜியா கில்மோரும் அவர்தம் தோழியரும் உணவுப் பண்டங்கள் விற்றுப் பணம் சேர்த்தனர். காரில் இடம் கிடையாதோர் மைல்கணக்கில் நடந்தனர்.

1956 ஜனவரி 30ஆந் திகதி கிங்கின் வீட்டில் வெடிகுண்டு வீசப்பட்டது. ஆத்திரத்துடன் திரண்ட மக்களை அவரே அமைதிப்படுத்தி அனுப்பினார். பகிஷ்காரத்தைத் தடைசெய்யும் 1921ஆம் ஆண்டுச் சட்டமொன்றைக் கொண்டு, பெப்ரவரியில் எண்பதுக்கும் மேற்பட்டோர்மீது குற்றஞ்சாட்டப்பட்டது. பொலிஸார் தேடிவரும்வரை காத்திராது, பலர் தாமாகவே சென்று கைதாயினர்.

இதற்கிடையில், இளஞ் சட்டத்தரணி பிரெட் கிறே மத்திய நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். வழக்காளிகளாக நின்றோர் பெண்கள் ஐவர். அச்சுறுத்தலினால் ஒருவர் விலக, நால்வர் நிலைத்தனர். மாணவி கொல்வினும் அவருள் ஒருவர். பஸ்களிற் பிரிவினை அரசியலமைப்புக்கு முரணானதென ஜூன் மாதத்தில் மூன்று நீதிபதிகளுள் இருவர் தீர்த்தனர். நவம்பர் 13ஆந் திகதி உயர் நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. அதே நாளில் மாநில நீதிமன்றமொன்று கார்ச் சேவையைத் தடைசெய்தமையால், கட்டளை வந்துசேரும்வரை ஒரு மாதத்துக்கு மேல் கார்களின்றியே சமாளித்தனர். டிசம்பர் 21ஆந் திகதி, மொன்ட்கொமரியின் கறுப்பினத்தார் பஸ்களில் ஏறித் தாம் விரும்பிய ஆசனங்களில் அமர்ந்தனர்.

துன்பம் அத்துடன் ஒழியவில்லை. பஸ்கள்மீது துப்பாக்கிப் பிரயோகம் நிகழ்ந்தது. வேலையிழந்த றோசா 1957இல் அந்நகரைவிட்டு டிட்றொயிற் சென்றார்.

சட்டத்தை மாற்றியது நீதிமன்றமாயின், மக்கள் நடந்ததன் பயன் யாதென ஒருவர் வினவலாம். மிரட்டலுக்கு நடுவே நான்கு பெண்கள் சாட்சி சொல்ல முன்வந்தபோது, அவர்கள் தனித்து நிற்கவில்லை. ஒரு நகரமே அவர்களுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தது. தீர்ப்புக் காகிதத்தில் வந்தது உண்மை. அது கிடைத்த மறுநாளே முன்னாசனத்திற் சென்று அமரும் துணிவை, அந்த 381 நாட்களே அவர்களுக்கு அளித்திருந்தன.