குறிஞ்சி உணாவும் திசை உணவும்

ஒரு நிலத்தை அதன் உணவால் அறியலாம் என்பது தமிழர் கண்ட நெறி. தொல்காப்பியர் அகத்திணையியலில் கருப்பொருள்களை நிரல்படக் கூறுமிடத்துத் தெய்வத்தை அடுத்து உணவையே வைத்தார். விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகியன அதன் பின்னரே வருகின்றன. குறிஞ்சி நிலத்துக்குரிய உணவாகத் தினையையும் ஐவனநெல்லையும் மூங்கிலரிசியையும் உரையாசிரியர் குறித்தனர். தேனும் கிழங்கும் குறிஞ்சிப் பாடல்கள் எங்கும் மணக்கின்றன.

அந்தக் குறிஞ்சி நிலத்தை இன்று நாம் கண்ணாரக் காண விரும்பினால் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. திண்டுக்கல் மாவட்டத்துப் பழனி மலைத்தொடர் நம் அருகிலேயே உள்ளது. அது சங்க நூல்கள் பொதினி என்று போற்றிய மலை. மயிலுக்குப் போர்வை ஈந்த பேகன் ஆண்ட மலை. அதன் மேற்பகுதியில், ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில், கொடைக்கானல் அமைந்துள்ளது. ஆனால் அங்குள்ள கடைத்தெருவில் தினைமாவைத் தேடித்தான் காணவேண்டும். பீட்சாவையோ தேடவே வேண்டா, வழியிலேயே எதிர்ப்படும். இம்மாற்றத்தை இழப்பென்று கொள்வதா, வளர்ச்சியென்று கொள்வதா? இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலையேறி வந்தோர்

பழனி மலையின் தொல்குடியினரான பளியர், காட்டுவள்ளிக் கிழங்கையும் தேனையும் நம்பி வாழ்ந்தவர். குன்னுவர் மலைச்சரிவுகளைப் படிப்படியாக வெட்டி வேளாண்மை செய்தனர். 1821இல் வார்டு என்னும் படை அலுவலர் இம்மலையை அளந்து ஆய்ந்தார். 1845இல் மதுரையில் பணியாற்றிய அமெரிக்கச் சமயப் பணியாளர்கள், சமவெளியின் வெப்பத்துக்கும் நோய்க்கும் அஞ்சி இங்கே வீடு கட்டிக் குடியேறினர். 1863இல் மதுரை ஆட்சியராயிருந்த வெர் லெவிஞ்சின் முயற்சியால் ஏரி உருவாயிற்று. 1901இல் சமயப் பணியாளர்தம் பிள்ளைகளுக்கெனப் பள்ளி தொடங்கப்பெற்றது. ரொட்டி உண்டு பழகிய ஒரு கூட்டம் மலைமேல் நிலைபெற்ற வரலாறு இதுவே.

வந்தோர் அவர் மட்டுமல்லர். 1959க்குப் பின் தாயகம் நீங்கி இந்தியாவில் தஞ்சம் புகுந்த திபெத்தியருள் சிலர் இம்மலைக்கும் வந்தனர். அவர்களுடைய 'மோமோ' நம் காரக் கொழுக்கட்டைக்கு உடன்பிறப்பு எனலாம். மாவுக்குள் பூரணம் வைத்து ஆவியில் வேகவைக்கும் முறை இரண்டுக்கும் பொது. 1964ஆம் ஆண்டு இந்திய இலங்கை ஒப்பந்தத்தின் வழித் தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் கொடைக்கானல் பகுதியில் குடியமர்ந்தன. தேங்காய்த் துருவல் சேர்த்துத் தட்டிச் சுட்ட ரொட்டியும் அதற்குத் துணையான சம்பலும் அம்மக்களின் உணவு. தட்டையாகத் தட்டிச் சூட்டில் இட்டெடுக்கும் உணவு இம்மலைக்குப் புதிதன்று என்பது இதனால் விளங்கும்.

கீழ்மலையின் செல்வம்

பழனி மலையைக் கீழ்மலை, மேல்மலை என இரு கூறாகப் பிரித்துக் கூறுதல் மரபு. தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற ஊர்களைக் கொண்ட கீழ்மலையில் காப்பியும் மிளகும் ஆரஞ்சும் சௌசௌவும் விளைகின்றன. காப்பிச் செடிகளுக்கு நிழல் தரும் மரங்களின் இடையே மழைநீரை மட்டும் நம்பி வளர்வது மலைவாழை. அதில் ஒருவகை, விருப்பாட்சி என்னும் ஊரின் பெயராலேயே வழங்குகிறது. நீர்ப்பதம் குறைந்தும் மணம் மிகுந்தும் இருத்தல் இதன் தனித்தன்மை.

பழனிப் பஞ்சாமிர்தத்தின் உயிர் இப்பழமே. வாழைப்பழத்தோடு சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய், பேரீச்சம்பழம், கற்கண்டு ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைவர். நீர் ஒரு துளியும் சேர்ப்பதில்லை. அதனாலேயே அது நெடுநாள் கெடாதிருக்கிறது. இதில் ஒன்றை நாம் உற்று நோக்குதல் வேண்டும். வாழை மலையினுடையது, ஏலம் மேற்குத் தொடரினுடையது, பேரீச்சையோ பாலைநிலங்களிலிருந்து கடல் கடந்து வந்தது. நாட்டின் தலைசிறந்த திருக்கோயில் உணவு ஒன்றிலேயே அயல்நிலத்துப் பழம் வேற்றுமையின்றிக் கலந்துள்ளது. 2019இல் பஞ்சாமிர்தம் புவிசார் குறியீடு பெற்றபோது, தமிழ்நாட்டில் அச்சிறப்பை எய்திய முதல் கோயில் உணவு என்னும் பெருமையும் அதற்குக் கிட்டியது.

ஆயினும் அவ்வாழை அழிவின் விளிம்புவரை சென்றது. அசுவினிப் பூச்சியால் பரவும் முடிக்கொத்து நோய் தோட்டந்தோட்டமாக மலைவாழையை விழுங்கிற்று. நோயற்ற கன்றுகளைத் திசு வளர்ப்பு முறையில் உருவாக்கி, அதனை மீட்கும் முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டன. 2008-09இல் விருப்பாட்சி மலைவாழைக்கும் சிறுமலை வாழைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு பெயரைக் காக்கும். பயிரைக் காப்பவர் உழவரே.

இல்லத்துச் சோறு

நூலறிவோடு நாவறிவும் வேண்டும் என்று கருதி, நண்பர் ஐவராக நாம் ஒரு விடுமுறையில் வத்தலக்குண்டு வழியே மலையேறினோம். ஒவ்வொருவர் இல்லத்திலிருந்தும் ஒரு கட்டுச்சோறு வந்தது. நம் இல்லத்திலிருந்து நெய்ச்சோறும் தாளிச்சாவும். புலால் உண்ணாத நண்பர் ஒருவர் பொருட்டு, இறைச்சி சேர்க்காத கத்தரிக்காய்த் தாளிச்சா தனித் தூக்கில் வந்தது. அவர் இல்லத்துப் புளியோதரையும், மற்றொருவரின் தயிர்ச்சோறும் நார்த்தங்காய் ஊறுகாயும் உடன் சேர்ந்தன. மலைப்பாதையின் ஓரத்தில் வாழையிலை விரித்து உண்டபோது எவர் சோறு எவருடையது என்னும் கணக்கு மறைந்துபோயிற்று.

மறுநாள் காலை, மலைக்காரராகிய நண்பர் ஒருவரின் பூம்பாறை இல்லத்தில் விருந்து. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டே இருந்தது, சோறு பதமாகவில்லை. நம் பசியை முகத்தில் கண்டுகொண்ட நண்பரின் தாயார், "கொஞ்சம் பொறுங்க தம்பி, மேல்மலையிலே அரிசி மெதுவாத்தான் வேகும்" என்றார். அவர் அனுபவத்தால் கூறியதை அறிவியலும் உறுதிசெய்கிறது. கடல்மட்டத்தில் நீர் 100 பாகை வெப்பத்தில் கொதிக்கும். உயரம் கூடக் காற்றின் அழுத்தம் குறைவதால், 2,100 மீட்டரில் ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதித்துவிடும். எவ்வளவு விறகு வைத்தாலும் திறந்த பானையில் வெப்பம் அதற்குமேல் ஏறாது. ஆதலால் அரிசியும் பருப்பும் வேக நேரமாகிறது. நேரடிச் சூட்டில் சுடும் உணவுக்கு இத்தடை இல்லை. குளிர்மலை நாடுகள் பலவற்றில் ரொட்டி சிறந்து விளங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

அன்று உண்ட பூண்டுக் குழம்பின் சுவை சொல்லில் அடங்காதது. பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் முதலிய ஊர்களின் படிக்கட்டு வயல்களில் விளையும் மலைப்பூண்டு அது. மணமும் காரமும் சமவெளிப் பூண்டினும் மிகுதி. அறுத்த பூண்டைக் கற்றையாகக் கட்டி, அடுப்புப் புகை படும்படி வீட்டு உத்திரத்தில் தொங்கவிடுவர். புகை ஈரத்தை வாங்கிப் பூஞ்சணத்தைத் தடுப்பதால் அது பல திங்கள் கெடாதிருக்கும். அப்பூண்டே அடுத்த பருவத்துக்கு விதையும் ஆகும். 2019இல் கொடைக்கானல் மலைப்பூண்டும் புவிசார் குறியீடு பெற்றது.

பீட்சா என்னும் திசை உணவு

அன்று மாலை கொடைக்கானல் நகரில், விறகடுப்பில் பீட்சா சுடும் சிறு உணவகம் ஒன்றில் அமர்ந்தோம். இத்தாலியின் நேப்பிள்சு நகரத்து எளிய மக்கள் தெருவில் வாங்கி உண்ட உணவே பீட்சா. கோதுமை மாவை நொதியச் செய்து, தட்டையாக்கி, தக்காளிச் சாறும் பாலாடைக்கட்டியும் பரப்பி அடுப்பில் இடுவர். முறையான அடுப்பின் வெப்பம் 400 பாகைக்கு மேல் இருக்கும். ஒன்றரை நிமிடத்தில் அப்பம் வெந்துவிடும். 2017இல் நேப்பிள்சு நகரத்துப் பீட்சாக் கலையை யுனெசுகோ நிறுவனம் மானுடத்தின் பண்பாட்டு மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. ஆனால் அதன் முதன்மைப் பொருளாகிய தக்காளி இத்தாலிக்கு உரியதன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வந்தது. நேப்பிள்சின் பெருமையும் இரவல் பொருளில் எழுந்ததே.

பாலாடைக்கட்டியைக் குறித்து நம் குழுவில் ஓர் ஐயம் எழுந்தது. பாலைத் திரித்துக் கட்டியாக்க உதவும் நொதி, மரபாகக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது. புலால் உண்ணாதாருக்கும், முறைப்படி அறுத்ததையே உண்ணும் நமக்கும் அது ஆய்ந்து கொள்ள வேண்டிய செய்தி. இந்நாளில் நுண்ணுயிர்வழிப் பெறும் நொதிகளும் பெருவழக்காயுள்ளன. சமையற்காரரை அழைத்து வினவினோம். "எல்லாருக்கும் ஆகும் சார், இது விலங்குக் கொழுப்போ நொதியோ சேராத கட்டிதான்" என்று கூறி, உறையைக் கொண்டுவந்து காட்டினார். வினவுதலில் நாணம் எதற்கு? உடன் உண்பவரின் நெறியை மதித்து வினவுவதும் விருந்தோம்பலின் ஒரு பகுதியே.

வந்த பீட்சாவில் காளானும் பச்சைமிளகாயும் இருந்தன. அவற்றோடு தட்டி வதக்கிய மலைப்பூண்டு தாராளமாகத் தூவப்பட்டிருந்தது. காலையில் பூம்பாறை உத்திரத்தில் கண்ட அதே பூண்டு. முதல் விள்ளலை உண்டதும் மலைக்கார நண்பர், "எங்க வீட்டு வாசனை அடிக்குதே!" என்றார். நேப்பிள்சின் வடிவத்துக்குள் பூம்பாறையின் மணம்!

இலக்கணம் காட்டும் வழி

உணவில் நாம் காணும் இக்கலப்பைச் சொல்லில் நம் முன்னோர் முன்பே கண்டு இலக்கணம் வகுத்துவிட்டனர். இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் எனச் சொல்லை நான்காக்கினார் தொல்காப்பியர். பவணந்தியாரோ செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த 12 நிலங்களோடு, தமிழல்லாத 17 நிலங்களின் சொற்களையும் திசைச்சொல்லுள் அடக்கினார். வந்த சொல்லைக் கதவடைத்துத் துரத்தவில்லை. வரவேற்க ஒரு முறை வகுத்தனர். அயலெழுத்தை நீக்கித் தமிழெழுத்தை ஏற்று வரும் வடசொல்லே செய்யுளுக்கு உரியதாம் என்பது தொல்காப்பியர் கருத்து. வருவது தவறன்று, வந்தபின் இந்நிலத்தின் ஒலியை ஏற்றல் வேண்டும் என்பதே அவர் விதித்த வரையறை.

உணவுக்கும் இவ்விதி பொருந்தும். கடல் கடந்து வந்த காரக்காயை, மிளகைப்போல் உறைத்தலால் 'மிளகாய்' என்றழைத்துத் தமிழாக்கிக்கொண்டோம். பாரசீகச் சொல்லாகிய பிரியாணி, சீரகச் சம்பா அரிசியை ஏற்றுத் திண்டுக்கல்லின் அடையாளமாயிற்று. அதுபோலவே, எங்கோ உறைந்து பெட்டியில் வந்தவற்றைத் தாங்கிய பீட்சா அயலுணவு. மலைப்பூண்டை ஏற்ற பீட்சா நம் திசை உணவு. ஓர் உணவின் உரிமையை முடிவு செய்வது அதன் பெயரன்று. அதில் கலந்த மண்ணும் உழைப்புமே ஆகும்.

ஆகவே, பீட்சா வந்துவிட்டதே என்று வருந்த வேண்டுவதில்லை. பூண்டு போய்விடுமோ என்பதே நம் கவலையாதல் வேண்டும். தொலைவிலிருந்து வரும் மலிந்த பூண்டு மலைப்பூண்டின் பெயரிலேயே விற்கப்படுமானால், படிக்கட்டு வயலில் குனிந்து உழைப்பவருக்கு என்ன மிஞ்சும்? வயல் விற்று விடுதி எழுமானால், அவ்விடுதியின் அடுப்புக்கு மணம் எங்கிருந்து வரும்? வாழைக்கு நோய் பகையாயிற்று. பூண்டுக்கு நம் அசட்டையே பகையாகிவிடக் கூடாது.

மாணவச் செல்வங்களுக்கு இரண்டு வேண்டுகோள். மலைக்குச் செல்லும்போது, இது எவ்வூர்ப் பூண்டு, எவ்வூர்ப் பழம் என்று கேட்டு வாங்குங்கள். வாங்குவோர் கேட்டால் விற்போர் தேடுவர். தேடினால் உழவர் பயிரிடுவர். இரண்டாவது, மலையூர்களிலிருந்து நம் கல்லூரிக்கு வந்து பயிலும் தோழர்களிடம் அவர்தம் பாட்டியர் அறிந்த கிழங்குகள், கீரைகள், சமையல் முறைகள் ஆகியவற்றின் பெயர்களைக் கேட்டு ஏட்டில் எழுதுங்கள். அகராதியில் ஏறாத சொற்கள் அவற்றுள் எத்தனையோ இருக்கும். கருப்பொருளில் உணவை இரண்டாமிடத்தில் வைத்த மொழிக்கு, அதன் மாணவர் ஆற்றத்தக்க தொண்டு இதுவாகும்.