நிபந்தனை வாக்கியங்களை அறிவோம்

தமிழ்ப்பள்ளியில் நாம் தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளைக் கற்கின்றோம். ஒன்று நிகழ்ந்தால்தான் மற்றொன்று நிகழும் என்று கூறும் வாக்கியம் இம்மூன்றிலும் உண்டு. அதனை நிபந்தனை வாக்கியம் என்பர்.

தமிழில் வினைச்சொல்லின் இறுதியில் 'ஆல்' சேர்ந்து நிபந்தனையை உணர்த்தும். 'பெய்தால்', 'வந்தால்' என்பன எடுத்துக்காட்டுகள். மலாயில் 'கலாவ்' என்னும் சொல் முன்னே வரும். காலத்திற்கேற்ப வினைச்சொல் மாறுவதில்லை. ஆங்கிலத்திலோ 'இஃப்' முன்னே வருவதோடு, வினைச்சொல்லும் பொருளுக்கேற்ப மாறும். மாணவர் பலர் இடர்ப்படுவது இங்கேதான். ஆகவே, அதன் நான்கு வகைகளையும் காண்போம்.

முதல் வகை, என்றும் மாறாத உண்மை. 'இஃப் யூ ஹீட் ஐஸ், இட் மெல்ட்ஸ்'. பனிக்கட்டியைச் சூடாக்கினால் உருகும். இதன் இரு பகுதிகளிலும் நிகழ்கால வினையே வரும்.

இரண்டாம் வகை, நிகழக்கூடியது. 'இஃப் இட் ரெயின்ஸ், வீ வில் ஸ்டே இன் கிளாஸ்'. மழை பெய்தால் வகுப்பிலேயே இருப்போம். நாளைய மழையைப் பற்றியதுதானே என்றெண்ணி, 'இஃப் இட் வில் ரெயின்' என்று எழுதுதல் தவறாகும். இதனை நினைவிற்கொள்ளத் தமிழே நமக்குத் துணை நிற்கும். 'பெய்தால்' என்பதில் எதிர்காலம் காட்டும் உறுப்பு இல்லை. 'இருப்போம்' என்னும் முடிக்கும் வினையே எதிர்காலத்தைக் காட்டுகின்றது. அவ்வாறே ஆங்கிலத்திலும் 'வில்' என்பது இரண்டாம் பகுதியில் மட்டுமே வரும்.

மூன்றாம் வகை, கற்பனை. 'இஃப் ஐ ஹேட் விங்ஸ், ஐ வுட் ஃபிளை'. எனக்குச் சிறகுகள் இருந்தால் பறப்பேன். இங்கு 'ஹேட்' என்னும் இறந்தகால வடிவம் சென்ற காலத்தைக் குறிக்கவில்லை. உண்மையில் இல்லாத ஒன்றைக் குறிக்கின்றது. 'நான் பறவையாக இருந்தால்' என்பதை 'இஃப் ஐ வேர் எ பேர்ட்' என்று எழுதுவதே சிறப்பு.

நான்காம் வகை, கைநழுவிப் போனது. 'இஃப் ஐ ஹேட் ஸ்டடீட், ஐ வுட் ஹேவ் பாஸ்ட்'. படித்திருந்தால் தேர்ச்சி பெற்றிருப்பேன். படிக்கவுமில்லை, தேர்ச்சியுமில்லை என்பதே இதன் உட்பொருள்.

இவற்றுள் இரண்டாம், மூன்றாம் வகைகளைப் பிரித்தறிதல் மிக இன்றியமையாதது. 'நன்கு படித்தால் தேர்ச்சி பெறுவேன்' என்னும் ஒரே தமிழ் வாக்கியத்தை ஆங்கிலத்தில் இருவிதமாகச் சொல்லலாம். 'இஃப் ஐ ஸ்டடி ஹார்ட், ஐ வில் பாஸ்' என்பவன் நம்பிக்கையோடு பேசுகின்றான். 'இஃப் ஐ ஸ்டடீட் ஹார்ட், ஐ வுட் பாஸ்' என்பவனோ, படிப்பான் என்னும் நம்பிக்கையைத் தருவதில்லை. வினைச்சொல்லில் நேர்ந்த சிறு மாற்றம் கேட்பவர் மனத்தில் பெரும் வேறுபாட்டை உண்டாக்கிவிடுகின்றது. இதனை அறியாதவன், தான் சொல்ல நினைத்ததற்கு மாறான பொருளைச் சொல்லிவிடக்கூடும்.

எழுதும்போது மற்றொன்றையும் நினைவிற்கொள்வோம். 'இஃப்' பகுதி முதலில் வந்தால் அதன் இறுதியில் காற்புள்ளி இடவேண்டும்; பின்னால் வந்தால் பொதுவாக அது தேவையில்லை.

நாள்தோறும் 'ஆல்' வரும் தமிழ் வாக்கியம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இஃது என்றும் உண்மையா, நிகழக்கூடியதா, கற்பனையா, கைநழுவியதா என்று நம்மையே வினவுவோம். விடை கண்டபின் ஆங்கிலத்தில் எழுதிப் பழகுவோம். தாய்மொழியில் தெளிவாகச் சிந்திப்போர்க்குப் பிறமொழி இலக்கணமும் எளிதாகும். முயன்றால் முடியும், இதுவும் ஒரு நிபந்தனை வாக்கியமன்றோ!